பதின்மூன்றாம் தேதி முதல் உங்களுடையது

மிதோரிசாவா, அக்டோபர் 3

தோகாஷி மசனோரி ஐயா அவர்களுக்கு,

மலை முகடுகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முன்பின் அறியாதவருக்கு எழுதும் முதல் கடிதம் என்பதால் முறைப்படி பருவத்தை விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையின் அறிவிப்புப் பலகையில் உங்கள் தாளைப் பார்த்தேன். "பழைய விறகுக் கணப்பு விற்பனைக்கு. நார்வே நாட்டு வார்ப்பிரும்பு. எண்பதாயிரம் யென். முறையாகப் பயன்படுத்துபவருக்கு மட்டும். சொந்த விவரங்களுடன் கடிதம் எழுதவும். தொலைபேசி வேண்டாம்." கடைப்பெண் அதைப் படித்துவிட்டு, "கணப்பு விக்கிறாரா, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடறாரா?" என்று சிரித்தாள்.

என் விவரம்: வயது ஐம்பத்தேழு. தனியாக வசிக்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது. தகரக் கூரை, எட்டுப் பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் அறை, பக்கத்தில் சமையலறை. வீட்டில் ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு உண்டு. ஆனால் அதற்கு எண்ணெய் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் எண்ணெய் விற்பவர் ஒருவர்தான், அவர் எனக்கு ஊற்றமாட்டார். காரணத்தை நீங்கள் கேட்காவிட்டால் நான் சொல்லவேண்டியதில்லை.

கணப்பு எனக்கு வேண்டும். பனிக்கு முன் வேண்டும்.

நுமகுரா கயோ


அசாஹிகாவா, அக்டோபர் 8

நுமகுரா கயோ அவர்களுக்கு,

ஆற்றங்கரை மேப்பிள் மரங்கள் சிவந்து, காலை வேளைகளில் புல்லின்மேல் உறைபனி காணப்படும் இந்நாளில், தாங்கள் உடல்நலத்துடன் இருப்பீர்களென நம்புகிறேன்.

தங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நிலப் பதிவும் நீதிமன்றப் பத்திரங்களும் எழுதும் தொழிலில் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவன் நான். பேசியது நிற்பதில்லை, எழுதியதே நிற்கும் என்பது என் அனுபவம். தொலைபேசியைத் தவிர்த்தது அதனால்தான். வேறு உள்நோக்கம் இல்லை என்பதைக் கடைப்பெண்ணுக்குத் தெரிவிக்கவும். எங்களுக்குப் பெண் பிள்ளைகள் இல்லை.

விற்பவன் அறிந்த குறைகளை வாங்குபவருக்கு மறைக்கலாகாது. கணப்பின் எடை நூற்று முப்பது கிலோ. பன்னிரண்டு குளிர்காலங்கள் எரிந்தது. கடந்த மூன்று ஆண்டுகளாகக் கிடங்கில் இருக்கிறது. உட்புறப் பின்தகட்டில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை விரிசல் உள்ளது. அதன் வழியே புகை கசியவில்லை; எனினும் இனிமேலும் கசியாது என்று உறுதி கூற என்னால் இயலாது. கதவின் கண்ணாடி பழுதற்றது. கதவு விளிம்பில் இடைவெளியை அடைக்கப் பதித்த கயிற்றை நானே புதிதாக மாற்றினேன்.

இவற்றை அறிந்த பின்னும் தங்களுக்கு விருப்பமிருப்பின், அறிவிப்பில் கண்ட விலைக்குத் தங்களுக்கே தருவதென முடிவு செய்துள்ளேன்.

சில வேண்டுகோள்கள். நிபந்தனைகள் எனக் கூறத் தயங்குகிறேன். முதலாவது, புகைபோக்கி எங்கே வெளியேறும் என்பதை ஒரு வரைபடமாக அனுப்பவும். இரண்டாவது, வெட்டி இரண்டு ஆண்டுகளாவது உலர்ந்த விறகையே எரிக்கவும். மூன்றாவது, கணப்பின் கீழும் பின்னும் செங்கல் இருக்கட்டும். நான்காவது, அச்சிட்ட தாள், ஒட்டுப்பலகை, குப்பை ஆகியவற்றை எரிக்கலாகாது. மையும் பசையும் புகைக்குழாயைக் கெடுக்கும்.

காரணத்தை நான் கேட்காவிட்டால் சொல்லவேண்டியதில்லை என எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன்.

தோகாஷி மசனோரி


மிதோரிசாவா, அக்டோபர் 13

தோகாஷி ஐயா,

நேற்று முற்றத்தில் பனிப்பூச்சிகள் பறந்தன. வெள்ளைப் பஞ்சைச் சுமந்துகொண்டு மிதக்கும் அந்தப் பூச்சி வந்தால் முதல் பனிக்குப் பத்துப் பதினைந்து நாள்தான். இதையே பருவ விசாரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எண்ணெய் விற்பவர் என் கணவர். கீழே நகரத்தில் ஹதகேயாமா எண்ணெய்க் கடை அவருடையது. முப்பத்தோரு வருடம் அந்தக் கடையின் மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். இந்த வீடு என் அப்பாவுடையது, அவருக்குப் பின் எனக்கு வந்தது. மலைச்சரிவு முழுவதையும் விலைக்குக் கேட்டு ஒரு நிறுவனம் வந்தது. ஆகஸ்டில் ஒருநாள் கணவர் விற்பனைப் பத்திரத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார். கையெழுத்தாக என் முத்திரை விழவேண்டிய கட்டம் ஒன்றுதான் காலி.

"உன் முத்திரை எங்க?" என்றார், சோயா பாட்டிலைக் கேட்பதுபோல.

நான் முத்திரையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன்.

இந்த வீட்டின்மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் இல்லை, ஐயா. காற்று உள்ளே வரும். தரை சாய்ந்திருக்கிறது. ஆனால் அது என்னுடையது, என்னைக் கேட்டிருக்கவேண்டும். ஆள் இல்லாத வீடு ஒரு குளிர்காலம் தாங்காது. குழாய் உறைந்து வெடிக்கும், கூரை பனியில் அமுங்கும், வசந்தத்தில் விற்பதைத் தவிர வேறு வழி இருக்காது. கணவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

போன வாரம் அவருடைய எண்ணெய் லாரி என் வீட்டு முன் நின்றது. ஓட்டுபவர் சகுமா. இருபது வருடமாகத் தெரிந்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, லாரி நிறைய எண்ணெய் இருக்கு. ஆனா உங்களுக்கு ஊத்தக்கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"எதுக்காம்?"

"முதல் பனி விழட்டும், தானா வந்து சேருவான்னாரு. என் மேல கோபப்படாதீங்க."

"உன் மேல என்ன கோபம்? குழாயைச் சுருட்டி வை. முற்றத்துல சொட்டப் போவுது."

ஆக, பனி விழும்போது இந்த அறை சூடாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

விறகு இருக்கிறது. அப்பா வெட்டிப் பிளந்து அடுக்கிய ஓக், ஆறு வருடமாகக் கொட்டகையில் காய்கிறது. செங்கல் வாங்கிவிட்டேன். வரைபடம் இத்துடன் வருகிறது: மண்ணெண்ணெய்க் கணப்புக்காக இறவாரப் பக்கச் சுவரில் போட்ட துவாரம் ஏற்கனவே இருக்கிறது. அதையே பெரிதாக்கிப் புகைக்குழாயை விட்டுவிடலாம்.

கணப்பை வாங்கிக்கொள்கிறேன். விரிசலோடு.

நுமகுரா கயோ


அசாஹிகாவா, அக்டோபர் 17

நுமகுரா கயோ அவர்களுக்கு,

பனிப்பூச்சிகள் இங்கும் வந்துவிட்டன. என் மனைவி மிசுயேயின் கறுப்புக் கம்பளிச்சட்டையில் நான்கு ஒட்டியிருந்தன.

வரைபடத்தைப் பார்த்தேன். அன்புகூர்ந்து அத்துவாரத்தைப் பயன்படுத்த வேண்டாம். மண்ணெண்ணெய்க் கணப்போடே வாழ்ந்து பழகிய நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு இதுவே. எண்ணெய்க் கணப்பின் குழாய் ஒரு கை நீளம். இறவாரத்தின் அடியில் அது ஒளிந்துகொள்ளும். விறகுக் கணப்பின் குழாயோ கூரைக்கு மேல் உயரவேண்டும். பிப்ரவரியில் தகரக் கூரையின் பனி ஒரே பாளமாகச் சரிந்து இறவாரம் வழியே இறங்கும்போது, குழாயை முறித்துக்கொண்டு போகும். அப்போது புகை வீட்டுக்குள் திரும்பும். ஆகவே பனி சரியாத பக்கமாகிய முக்கோணச் சுவரின் வழியே குழாய் வெளியேறட்டும். இது அழகு பற்றிய கருத்தன்று, உயிர் பற்றியது.

ஒப்பந்தப் பத்திரம் இரண்டு படிகள் இணைத்துள்ளேன். ஒன்றில் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பவும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. தங்கள் கடிதங்களில் நுமகுரா எனக் கையொப்பமிடுகிறீர்கள். அது பிறந்த வீட்டுப் பெயராக இருக்கவேண்டும். திருமணம் சட்டப்படி நீடிக்கும்வரை குடும்பப் பதிவேட்டில் தங்கள் பெயர் ஹதகேயாமா கயோ என்றே இருக்கும். பத்திரத்தில் பதிவேட்டுப் பெயரே இடம்பெறுவது நலம். பின்னாளில் எவரும் கேள்வி எழுப்பாதிருக்கவே இதைக் கூறுகிறேன். வேறு எதுவும் கருதவேண்டாம்.

தோகாஷி மசனோரி


மிதோரிசாவா, அக்டோபர் 20

தோகாஷி ஐயா,

இந்த முறை பருவ விசாரிப்பு கிடையாது.

முதலில் நன்றி. குழாய் பற்றி நீங்கள் சொன்னது சரி. பக்கத்து வீட்டுத் தச்சர் ஒதாஜிமாவிடம் கடிதத்தைக் காட்டினேன். ஊர்த் தீயணைப்புக் குழுவிலும் இருப்பவர் அவர். படித்துவிட்டு, "இந்த ஆளு எழுத்தைப் பாத்தா கூரை மேல ஏறாதவன் மாதிரி இருக்கு. ஆனா சொல்றது நிஜம்" என்றார். பிறகு முக்கோணச் சுவரின் முன் நின்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கயோ, உங்கப்பா இருந்தா இந்தச் சுவரை வெட்ட விடுவாரா?"

"விடமாட்டார். வெட்டு."

வெட்டிவிட்டார். துவாரம் தயார். பலகை வைத்து மூடி, அதன்மேல் கம்பளம் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பளம் இரவு பகலாக ஆடுகிறது.

அடுத்தது பத்திரம். நுமகுரா என்றே கையெழுத்திட்டு, நுமகுரா முத்திரையே குத்தி அனுப்புகிறேன். ஹதகேயாமா என்று முப்பத்தோரு வருடம் எழுதியாயிற்று, எல்லாம் அவருடைய ரசீதுகளில். என் வீட்டில் நான் மூட்டும் நெருப்புக்கு அந்தப் பெயரை எழுதமாட்டேன். அது சட்டத்துக்குப் பொருந்தாது என்றால் எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று எழுதுங்கள். எழுதியதே நிற்கும் என்றீர்களே.

கணப்பு எப்போது வரும்?

நுமகுரா கயோ


அசாஹிகாவா, அக்டோபர் 26

நுமகுரா கயோ அவர்களுக்கு,

காலைக் குளிர் கடுமையாகி வருகிறது. தங்கள் சுவரில் துவாரம் திறந்திருப்பதை எண்ணியவாறே இவ்வரியை எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் தங்கள் கணவர் ஹதகேயாமா தெத்சுயா என் வீட்டுக்கு வந்திருந்தார். தாங்கள் கணப்பு வாங்குவதை ஊரில் கேள்விப்பட்டு, கூட்டுறவுக் கடைப் பலகையில் என் முகவரியைப் பார்த்ததாகக் கூறினார். தங்களைப் பற்றிப் பேசியதைத் தாங்கள் அறியவேண்டும் என்பதால் உள்ளதை உள்ளபடி தருகிறேன்.

"சார், நீங்க சட்டம் தெரிஞ்சவர். இது புருஷன் பெண்டாட்டி விஷயம்."

"நான் விக்கிறது ஒரு கணப்புதாங்க."

"அதேதான் சார். கணப்பு இல்லன்னா பதினைஞ்சு நாள்ல வந்துடுவா. அவ பிடிவாதம் மைனஸ் பத்து டிகிரி வரைக்கும்தான் தாங்கும். எனக்குத் தெரியாதா?"

நான் தேநீர் ஊற்றினேன்.

"இந்தக் குளிர்காலம் முழுக்க உங்க வீட்டு எண்ணெய் என் பொறுப்பு" என்றார்.

"அது வேண்டாம்."

"அப்ப விக்காம இருங்க, அது போதும். நீங்களும் வயசானவர். நாளைக்கு அங்க தீப்பிடிச்சா யாரைக் கேப்பாங்க? உங்களைத்தான்."

"யோசிக்கிறேன்" என்றேன்.

அவர் சென்றபின் மிசுயே சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ரெண்டு பக்கமும் பாக்கணும்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் கணப்பு கிடங்குக்குப் போச்சு."

இவ்வுரையாடலைத் தங்களுக்கு எழுதத் தேவையில்லைதான். உள்ளபடி எழுதுவதாகத் தொடங்கியதால் எழுதிவிட்டேன்.

என் நிலைப்பாடு இது. குடும்பப் பிணக்கு ஒன்றில் ஒரு தரப்புக்கு உதவுவதாகவோ மறு தரப்புக்கு இடையூறு செய்வதாகவோ என் செயல் அமையக்கூடாது. தங்களுக்கும் அவருக்கும் இடையே இது தெளிவாகும்வரை விற்பனையை நிறுத்திவைக்கிறேன். முத்திரையிட்ட பத்திரம் என்னிடம் பத்திரமாக உள்ளது. தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

தோகாஷி மசனோரி


மிதோரிசாவா, அக்டோபர் 29

தோகாஷி ஐயா,

நேற்று முதல் பனி விழுந்தது. நான் போகவில்லை.

இதை அவருக்கு எழுதியிருக்கவேண்டும், உங்களுக்கு எழுதுகிறேன். இப்போது நீங்களும் அவரும் ஒரே பக்கம். அவர் எண்ணெயை நிறுத்தினார், நீங்கள் இரும்பை நிறுத்தினீர்கள். அவராவது சண்டைக்கு வந்த ஆள். நீங்கள் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு யோசிக்கிறீர்கள்.

தீப்பிடித்தால் உங்களைக் கேட்பார்கள் என்றாராம். கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன். இரும்புக்கடையில் தகர அடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பழைய கடிகாரப் பெட்டி வடிவத்தில், பிஸ்கட் டப்பா கனத்தில். மீன்பிடிப்பவர்கள் குடிசையில் வைப்பார்களே, அதுதான். ஒதாஜிமா விரலால் தட்டிப் பார்த்தார்.

"கயோ, இது ஒரு குளிர்காலம்தான் தாங்கும். அப்புறம் அடி ஓட்டையாயிடும்."

"எனக்கு ஒரு குளிர்காலம் போதும்."

"பக்கத்துல உக்காந்துக்கணும். எரியவிட்டுட்டு அந்தண்டை போகக்கூடாது."

ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விறகு போட்டால் பத்து நிமிடத்தில் அடுப்பு சிவந்து, அறை இருபத்தைந்து டிகிரிக்கு ஏறும். அரைமணியில் ஆறுக்கு இறங்கும். குழாய் உறையாமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு வாளியிலிருந்து மொண்டு குடிக்கிறேன். இந்தத் தகரத்தை நம்பித் தூங்குவது கடினம்தான். உங்கள் நூற்று முப்பது கிலோ இரும்பு உங்கள் கிடங்கில் நன்றாகத் தூங்கும்.

எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் அப்படி ஒரு பிரிவு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் கணப்பு ஏன் கிடங்குக்குப் போனது? நான் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லவேண்டியதில்லை. கேட்கிறேன்.

நுமகுரா கயோ


அசாஹிகாவா, நவம்பர் 2

நுமகுரா கயோ அவர்களுக்கு,

பருவத்தை விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. நேரே பதிலுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் எட்டு வீடுகள். தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகச் சுற்றும். படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் தம் கட்டத்தில் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் அப்பலகையில் ஒரு வரி வந்தது: "காயும் துணிகளில் புகைவாடை அடிப்பதாகப் புகார். கணப்பு எரிப்பவர்கள் கவனிக்கவும்." எழுதியவர் பெயர் இல்லை. தெருவில் விறகு எரித்தவன் நான் ஒருவனே. ஜனவரியில் அசாஹிகாவாவில் துணியை வெளியே காயப்போடுபவர் எவரும் இல்லை. போட்டால் பலகையாக விறைத்துவிடும். அது எனக்குத் தெரியும். புகையைத் தடுக்கும் சட்டம் எதுவும் என் வீட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்பதும் தெரியும். ஆயினும் என் கட்டத்தில் முத்திரை குத்தினேன். மறுவாரமே கணப்பை அகற்றினேன். என்மேல் வந்த புகாரைப் படித்ததாக நானே ஒப்பமிட்டேன், கயோ அவர்களே. அன்று மிசுயே, "நீங்க சட்டம் படிச்சது தலையாட்டத்தானா?" என்று கேட்டாள்.

அடுத்து, தாங்கள் கேட்ட பிரிவு. அப்படி ஒன்று இல்லை. பொருளை விற்க முத்திரை வேண்டியதில்லை, பதிவேட்டுப் பெயர் வேண்டியதில்லை, பத்திரமே வேண்டியதில்லை. இன்ன பொருளை இன்ன விலைக்குத் தருகிறேன் என ஒருவரும், வாங்கிக்கொள்கிறேன் என மற்றவரும் கூறினால் விற்பனை முடிந்தது. தொலைவில் இருப்பவர்களிடையே, ஏற்கும் கடிதம் தபாலில் இடப்படும் கணத்திலேயே முடிந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் நான் எழுதிய பத்திரங்கள் எல்லாம் பின்னால் வரும் தகராறுக்கான சாட்சியங்களே. தங்கள் பெயரைப் பற்றி நான் எழுதியது சட்டமன்று, என் பயம்.

இதன் விளைவை நேற்று முழுவதும் ஆராய்ந்தேன். அக்டோபர் எட்டாம் தேதி, "தங்களுக்கே தருவதென முடிவு செய்துள்ளேன்" என எழுதினேன். பொருளும் விலையும் அதில் தெளிவு. மற்றவற்றை வேண்டுகோள்கள் என்றே குறித்து, நிபந்தனைகள் என்ற சொல்லைத் தவிர்த்திருந்தேன். பதின்மூன்றாம் தேதி தாங்கள், "வாங்கிக்கொள்கிறேன். விரிசலோடு" என எழுதித் தபாலில் சேர்த்தீர்கள். ஆகவே அந்தக் கணப்பு பதின்மூன்றாம் தேதி முதல் உங்களுடையது. நிறுத்திவைக்க என்னிடம் விற்பனை எதுவும் இல்லை. இருபது நாட்களாகப் பிறர் பொருளை என் கிடங்கில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதே கருத்தைத் தங்கள் கணவருக்கு, உள்ளடக்கத்துக்குத் தபால்துறை சான்றளிக்கும் பதிவுக் கடிதமாக இன்று காலை அனுப்பினேன். அதன் முழு வாசகம்:

"தாங்கள் விற்கவேண்டாமெனக் கேட்ட கணப்பு, தாங்கள் வருவதற்கு முன்பே என்னுடையதாக இல்லை. அது நுமகுரா கயோ அவர்களின் உடைமை. என்னுடையதல்லாத பொருளை விற்காதிருப்பதாக எவருக்கும் என்னால் வாக்களிக்க இயலாது. தங்களிடம் 'யோசிக்கிறேன்' எனக் கூறியதைத் திரும்பப் பெறுகிறேன்."

ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் கணப்பு உங்கள் வீட்டில் இருக்கும். நான்கு ஆட்களுக்கும் ஒரு வண்டிக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. நானும் வருகிறேன். அதுவரை தகர அடுப்பை விட்டு அகலவேண்டாம். இதை வேண்டுகோளாக அல்ல, நிபந்தனையாகவே எழுதுகிறேன்.

தோகாஷி மசனோரி


மிதோரிசாவா, நவம்பர் 12

தோகாஷி ஐயா, மிசுயே அக்கா இருவருக்கும்,

முற்றத்தில் முழங்கால் ஆழம் பனி. உள்ளே இருபத்துமூன்று டிகிரி. பருவத்தை மனதாரவே விசாரிக்கிறேன்.

அன்று கணப்பைத் தூக்கிவந்த நால்வரையும் நீங்கள் அதட்டிய அதட்டலை ஒதாஜிமா இன்னும் கடைத்தெருவில் நடித்துக் காட்டுகிறார். "இடது கால் ஒரு சென்டிமீட்டர் வடக்கே" என்பது ஊரில் சொலவடையாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூரைமேல் ஏறிக் குழாயின் மூடியை நீங்களே சோதித்ததைப் பார்த்தபின், உங்கள் எழுத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அக்கா கொண்டுவந்த ஹெர்ரிங் மீனும் முட்டைக்கோசும் போட்ட ஊறுகாய் பாதி தீர்ந்தது.

நீங்கள் சொன்னபடியே இரும்பு அதிர்ச்சியடையாமல் முதல் மூன்று நாள் சிறு நெருப்புதான் போட்டேன். நான்காம் நாள் அப்பாவின் ஓக்கைப் போட்டேன். விரிசல் அப்படியே இருக்கிறது, அளந்து பார்த்தேன், நான்கு சென்டிமீட்டர்தான். மாலையில் இரண்டு கட்டை போட்டுக் காற்றைக் குறைத்தால் விடியும்போது தணல் இருக்கிறது. குழாய்களில் மறுபடி தண்ணீர் விட்டுவிட்டேன். நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்று முன்தினம் என் கணவர் வந்தார். கையில் ஒரு டின் மண்ணெண்ணெய். வாசல் அறையில் நின்றார். தோள்மேல் இருந்த பனி உருகிச் சொட்டத் தொடங்கியது.

"சூடா இருக்கே."

"கணப்பு எரியுது. சூடாத்தான் இருக்கும்."

"விறகு தீர்ந்தா?"

"அப்பா வச்சது ரெண்டு குளிர்காலம் வரும். அப்புறம் எனக்கும் கோடாலி பிடிக்கத் தெரியும்."

"ஊர்ல என்ன பேசுவாங்க? எண்ணெய்க் கடைக்காரன் பெண்டாட்டி விறகு எரிக்கிறான்னு."

"அதையேதான் பேசுவாங்க."

மேல்சட்டைப் பொத்தானைத் தானாகவே கழற்றினார், பிறகு நினைவு வந்ததுபோல மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்ப வருவே?"

"வரமாட்டேன். உனக்கு வரணும்னா வா, தேநீர் தரேன். பத்திரத்தை எடுத்துக்கிட்டு வராதே."

பத்திரம் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. போகும்போது செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "இங்கயே கிடக்கட்டும். மனசு மாறும்" என்றார். எண்ணெய் டின்னை மட்டும் திரும்ப எடுத்துப்போனார்.

அந்தப் பத்திரத்தைக் கணப்பில் போட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். போடவில்லை. அச்சிட்ட தாள் ஆகாது என்பது உங்கள் நான்காவது வேண்டுகோள். மறுநாள் சகுமாவின் லாரியை நிறுத்தி, காலிக் கட்டம் காலியாகவே இருக்க, திருப்பி அனுப்பிவிட்டேன்.

நுமகுரா கயோ


அசாஹிகாவா, நவம்பர் 19

நுமகுரா கயோ அவர்களுக்கு,

இங்கும் பனி நிலைத்துவிட்டது. தாங்கள் நன்றாகத் தூங்குவதாக எழுதிய வரியை மிசுயே இருமுறை வாசிக்கச் சொன்னாள்.

ஒரு விசாரணை. தங்களிடம் இப்போது பயன்பாட்டில் இல்லாத தகர அடுப்பு ஒன்று இருக்கவேண்டும். அதை விற்கும் எண்ணம் உண்டாயின், தாங்கள் கடையில் கொடுத்த விலைக்கே வாங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன். என் வீட்டுப் புகைபோக்கியை நான் இடிக்கவில்லை. மூடி மட்டும் போட்டிருந்தேன். அதன் விட்டத்துக்கும் தகர அடுப்பின் குழாய்க்கும் பொருத்தும் வளையம் கிடைக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் விசாரித்துவிட்டேன், தடையில்லை. இந்தக் குளிர்காலத்துக்கு அது போதும். அடி ஓட்டையாவதற்குள் வேறொரு பழைய வார்ப்பிரும்பைத் தேடிக்கொள்வேன். எரியும்போது பக்கத்திலேயே அமர்ந்திருப்பேன். ஓய்வுபெற்றவனுக்கு அது சிரமமன்று.

சென்ற வாரம் சுற்றறிக்கைப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதில் ஒரு வரி சேர்த்தேன். "தோகாஷி வீட்டில் மீண்டும் கணப்பு எரியும். தெருவில் துணி வெளியே காயும் நாட்களில் எரிக்கமாட்டேன். அத்தகைய நாள் ஏப்ரல் இறுதிவரை வராது என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். ஆட்சேபம் உள்ளவர் பெயருடன் எழுதவும். தோகாஷி மசனோரி." முதல் முத்திரையை நானே குத்தினேன். முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது, திருத்தவில்லை.

பலகை எட்டு வீடுகளையும் சுற்றித் திரும்பிவிட்டது. எட்டு முத்திரைகள் உள்ளன. பெயருடன் எவரும் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாட்களாகத் தலையசைக்காமல் போகிறார். நான் தலையசைக்கிறேன்.

தங்களுக்கு நிபந்தனைகள் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.

தோகாஷி மசனோரி


மிதோரிசாவா, நவம்பர் 22

தோகாஷி ஐயா,

காற்று இல்லை, பனி நேராக விழுகிறது. புகையும் நேராக ஏறுகிறது.

அடுப்பைத் தருகிறேன். நிபந்தனை எதுவும் இல்லை. குறை ஒன்று உண்டு, மறைக்கக்கூடாது அல்லவா: அடியில் இப்போதே ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. பத்திரம் வேண்டாம், முத்திரை வேண்டாம்.

இந்தக் கடிதத்தை இன்னும் கால்மணியில் கூட்டுறவுக் கடை வாசல் தபாற்பெட்டியில் போட்டுவிடுவேன். ஆகவே நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அது இரண்டு நாளாக உங்களுடையது. சீக்கிரம் வந்து எடுத்துப்போங்கள். பிறர் பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை.

நுமகுரா கயோ